கிணற்றில் விழாத அக்கா

அன்பார்ந்த உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

எங்கள் அக்கா ஆண்டவருக்குள் இளைப்பாறி ஓராண்டு நிறைகிறது. காலையில் கோயிலில் அவருடைய ஆத்தும சாந்திக்காகப் பூசை. பூசை முடிந்து நீங்கள் வெளியே வரும்போது இந்த மலர் உங்கள் கைக்கு வந்திருக்கும். முறைப்படி இந்தக் கட்டுரையை எழுத வேண்டியவர் என் அண்ணன். அவர் பள்ளிக்கூட வாத்தியார், பிழையில்லாமல் எழுதுவார். ஆனால் எழுத உட்காரும்போதெல்லாம் அவருக்குக் கண் கலங்குகிறது, தாளில் மையும் கலங்குகிறது. அதனால் வேலை முட்டைக்கடைக்காரனான என்னிடம் வந்து சேர்ந்தது. கொடுக்கும்போதே எச்சரித்தார்.

"இது நெனவு மலரு. உன் கேலியெல்லாம் இதுல வேணாம். அடக்க ஒடுக்கமா எழுது."

அடக்கமாகத்தான் எழுதுகிறேன். ஆனால் அக்காவின் கதையில் நான் நுழைகிற இடங்களில் சிரிப்பும் கூடவே நுழைந்துவிடுகிறது. பயந்தாங்கொள்ளியைத் தம்பியாகப் பெற்றது அக்காவின் விதி. நான் என்ன செய்ய?

அக்கா பிறந்தது முத்தியால்பேட்டையில். அப்பாவுக்கு ஆலையில் வேலை. மூன்று பிள்ளைகளில் அக்கா மூத்தவர், நான் கடைசி. சின்ன வயதில் அக்காவுக்கு ஒரு வித்தை இருந்தது. கல்லெடுத்தால் குறி தப்பாது. எதிர் வீட்டு முருங்கை மரத்தைக் காட்டிக் காய் வேண்டுமென்று கேட்டால், "எந்தக் காயி?" என்று கேட்டுவிட்டுத்தான் எறிவார். காட்டிய காய்தான் விழும். பக்கத்துக் காய் ஆடக்கூட ஆடாது. பொட்டைப் பிள்ளைக்கு இது எதற்கு என்று அம்மா தலையில் அடித்துக்கொள்வார். அப்பாவும் அப்படித்தான் சொல்வார், ஆனால் சொல்லிவிட்டு, "அந்தக் கோடியில இருக்கே, அது வுழுவுமா?" என்று மெல்லக் கேட்பார்.

பதினாறு வயதில் அக்காவுக்குக் கல்யாணம். மாமா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தா, சாதாரணச் சிப்பாய். கல்யாணமான மறு வருடமே இருவரும் சைகோனுக்குக் கப்பல் ஏறினார்கள். மாமா நல்ல மனிதர், குடிக்கமாட்டார், கை நீட்டமாட்டார். ஆனால் வீட்டிலும் அவருக்குப் பட்டாளம்தான். எது எங்கே இருக்க வேண்டும், யார் எப்போது பேச வேண்டும் என்றெல்லாம் ஓர் ஒழுங்கு உண்டு. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நம்மூர்ச் சொல்தாக்கள் ஒன்று கூடிப் பெத்தாங் விளையாடுவார்கள். சின்ன மரக்குண்டு ஒன்றைத் தூரப் போட்டு, அதற்குப் பக்கத்தில் போய் நிற்கும்படி இரும்புக் குண்டுகளை வீசுகிற அந்த விளையாட்டை நம்மூரில் பார்க்காதவர்கள் இருக்கமுடியாது. எதிராளியின் குண்டு நெருக்கமாக நின்றுவிட்டால், அதைக் குறிபார்த்து அடித்துத் தள்ளுவதும் உண்டு. பெண்கள் ஓரமாக நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கலாம். ஆட்டம் முடிந்ததும் மாமாவின் குண்டுகளை எண்ணெய்த் துணியால் துடைத்துத் தோல் பையில் போடுவது அக்காவின் வேலை. அத்தனை வருடமும் அக்கா துடைத்தார். ஒரு தடவையும் வீசவில்லை. வீசுகிறாயா என்று ஒருவரும் கேட்கவும் இல்லை.

இந்தோசீனாவில் சண்டை முடிந்து பட்டாளம் மூட்டை கட்டிக்கொண்டிருந்த சமயத்தில், மாமா காய்ச்சலில் படுத்தார். எழுந்திருக்கவில்லை. அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. மாமாவை அந்த ஊர்க் கல்லறையில் விட்டுவிட்டு, அக்கா இரண்டு தகரப் பெட்டிகளோடு தனியாகக் கப்பல் ஏறினார். அவர் இங்கே வந்து இறங்கியபோது நம்மூரிலும் கொடி மாறியிருந்தது. இனி எந்தக் காசு செல்லும், எந்தப் பாஷையில் மனு எழுதுவது என்று பெரிய மார்க்கெட் முழுக்க ஒரே விவாதம். நானும் கடையில் உட்கார்ந்து விவாதித்தேன். வீட்டுக்கு வந்தால் விவாதிக்க ஆளில்லை. அக்கா பேசவில்லை.

பேசவே இல்லை என்று சொல்லமுடியாது. ஒரு வார்த்தை பேசினார்.

"காப்பி போடட்டுமா அண்ணி?" என்று என் மனைவி ரோசாலி கேட்பாள்.

"சரி."

"இல்ல, கஞ்சியே குடிச்சிடறீங்களா?"

"சரி."

"ரெண்டும் வேணாமா?"

"சரி."

ஒருநாள் நான் சோதித்துப் பார்த்தேன். "யக்கா, கடையில இருந்த முட்டை அத்தனையும் குஞ்சு பொரிச்சிடுச்சு, வரிசையா வூட்டுக்கு நடந்து வருதுங்க" என்றேன். அக்கா என்னைப் பார்த்தார். என்னைத் தாண்டிச் சுவரைப் பார்த்தார். "சரி" என்றார். ரோசாலி அடுக்களைக்குள் போய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பதற்கு அல்ல.

துக்கம் ஒரு வருடம் என்பார்கள். ஒரு வருடம் போனது. இன்னும் இரண்டு வருடமும் போனது. கறுப்புப் புடவை மாறி வெள்ளைப் புடவை வந்ததே தவிர, புடவைக்குள் அக்கா வரவில்லை. எனக்கு இருந்த பயமெல்லாம் இதுதான்: கப்பலில் வந்து இறங்கியது அக்காவின் உடம்பு மட்டும்தானோ, எஞ்சியதும் ஒருநாள் சொல்லாமல் கிளம்பிவிடுமோ.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். எனக்குப் பட்டப்பகலிலேயே தெரிந்தது. அக்கா கடற்கரைக்கு நடக்கப் போனால், கையில் முட்டைக் கூடையோடு பின்னாலேயே போவேன். யாராவது கேட்டால், "கடலோரக் காத்துல முட்டை கெடாது" என்பேன். அப்படி ஒரு சாஸ்திரம் இருப்பதாக மார்க்கெட்டில் சில பேர் இன்றும் நம்புகிறார்கள். வீட்டுக் கொடிக் கயிற்றை அவிழ்த்து ஒளித்து வைத்தேன். ஈரத்துணியைக் கதவு மேல் போட்டு உலர்த்தினோம். கொல்லைக் கிணற்றுக்குப் பலகை மூடி செய்து, அதன் மேல் ஆட்டுக்கல்லைத் தூக்கி வைத்தேன். தூக்கும்போது இடுப்பு பிடித்துக்கொண்டது. இறக்கமுடியவில்லை.

"இப்ப தண்ணி எப்படி சேந்தறது?" என்றாள் ரோசாலி.

"கொஞ்ச நாளைக்குச் சிக்கனமா இருப்போம்."

"குளிக்காம, சமைக்காமலா? நீங்க வேணா முட்டையப் பச்சையாக் குடிச்சிட்டுக் கெடங்க. மொதல்ல கல்ல எறக்குங்க."

கடைசியில் அடுத்த வீட்டு அந்துவான் மாமாதான் வந்து இறக்கினார். அவரும் பழைய சொல்தா. அறுபதைத் தாண்டியவர், ஒல்லி, ஆனால் கயிறு போல முறுக்கிய உடம்பு. கல்லை இறக்கிவிட்டு, எதற்காக ஏற்றினாய் என்று கேட்டார். காக்கை விழாமல் இருக்க என்றேன். ஆட்டுக்கல்லைத் தூக்குகிற காக்கை எந்த ஊரில் இருக்கிறது என்று கேட்டுவிட்டுப் போனார்.

இந்த மலரைப் படிக்கிறவர்களில் பாதிப் பேர் அன்றைக்கு எங்கள் கொல்லையில் இருந்தவர்கள். இருந்தாலும் இல்லாதவர்களுக்காக அதைச் சொல்லிவிடுகிறேன்.

மழைக்கு முந்தைய மாதம். பெட்டித் துணிகளை வெயிலில் போட வேண்டும் என்று ரோசாலி சொல்ல, அக்கா "சரி" என்று தம் பெட்டிகளைக் கொல்லைக்கு இழுத்து வந்திருக்கிறார். ரோசாலி தண்ணீர் சேந்தி வைத்துவிட்டு, மூடியைத் திறந்தபடியே விட்டு, மாவு அரைக்கப் போய்விட்டாள். நான் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்து கூடத்தில் கால் வைக்கிறேன். கொல்லையிலிருந்து "தொம்" என்று ஒரு சத்தம். கனமான பொருள் விழுகிற சத்தம்.

ஓடினேன். கொல்லையில் யாருமில்லை. கிணறு திறந்து கிடக்கிறது. கிணற்று மேடையில் அக்காவின் செருப்பு ஜோடியாக இருக்கிறது.

பிறகு நான் எழுப்பிய ஓலத்தை நானே இங்கே எழுதுவது முறையில்லை. மார்க்கெட் வரை கேட்டது என்று சொல்கிறார்கள், அது மிகை. தெருக்கோடி வரை கேட்டிருக்கலாம். கொல்லை நிறைய ஜனம் கூடியது. ஒருவர் ஏணி என்றார், ஒருவர் போலீஸ் என்றார், ஒருவர் சுவாமியாரைக் கூட்டி வர ஓடினார். நான் கயிறு கயிறு என்று கத்தினேன்; தண்ணீர் சேந்துகிற கயிறு ஆளைத் தாங்காது. கொடிக் கயிற்றை எங்கே ஒளித்தேன் என்பது மறந்து போயிற்று. அந்துவான் மாமா தம் வீட்டுக் கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டு சட்டையோடு இறங்கினார். நான் மேடையைப் பிடித்துக்கொண்டு, "யக்கா, யக்கா" என்று கிணற்றுக்குள் அழுதேன். என் தோளுக்குப் பின்னால் யாரோ எட்டிப் பார்த்தார்கள்.

"யாருடா தம்பி வுழுந்தது?"

"எங்க அக்காதான்" என்றேன், திரும்பாமல்.

"எந்த அக்கா?"

"எனக்கு எத்தினி அக்கா? ஒரே அக்கா."

"அப்ப நான் யாரு?"

திரும்பினேன். வெறுங்காலோடு, தலையில் வேலிக் குப்பையோடு, கையில் ஓர் இரும்புக் குண்டோடு அக்கா நின்றுகொண்டிருந்தார்.

நடந்தது இதுதான். பெட்டியில் மாமாவின் தோல் பை பூசணம் பிடித்துக் கிடந்திருக்கிறது. குண்டுகளைத் துடைக்க எடுத்திருக்கிறார். கையில் ஒன்றின் கனம் நின்றிருக்கிறது. சுற்றிலும் யாருமில்லை. வேலியோரம் உடைந்த பானை ஓடு ஒன்று கிடந்திருக்கிறது. செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை ஊன்றி வீசியிருக்கிறார். ஓடு சிதறியது. குண்டு வேலிக்கு அடியில் உருண்டு சந்துக்குப் போய்விட்டது. அதைத் தேடி எடுக்க அக்கா வேலியைப் பிரித்துக்கொண்டு அந்தப் பக்கம் போன நேரத்தில்தான் நான் வந்து சேர்ந்தேன்.

"ஏன்க்கா வீசின?" என்று கேட்டேன். வேறு கேள்வி எனக்கு வரவில்லை.

"தெரியலடா. கை தானாப் போட்டுது."

அப்போது கிணற்றுக்குள்ளிருந்து அந்துவான் மாமாவின் குரல் வந்தது. "கெடைக்கல. இன்னொரு தடவ முழுவிப் பாக்கறேன். அந்த முட்டைக்காரன வாய மூடச் சொல்லுங்க, தண்ணி ஆடுது."

அக்கா கிணற்றை எட்டிப் பார்த்தார். "மாமா, நான் மேலதான் இருக்கறேன்" என்றார்.

உள்ளே தண்ணீர் சலசலத்து ஓய்ந்தது. பிறகு, "அப்ப நான் எதுக்குடா கீழ இருக்கறேன்?" என்றார் அந்துவான் மாமா.

அக்கா சிரித்தார். முதலில் மூக்கால் ஒரு சத்தம் வந்தது, பிறகு தோள் குலுங்கியது. பிறகு கிணற்று மேடையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டார். ஜனமும் சிரித்தது. கண்ணீரைத் துடைக்கவும் முடியாமல், சிரிக்கவும் முடியாமல் நின்ற என் முகத்தைப் பார்த்து அக்கா மறுபடி தொடங்கினார். சிரிப்பினூடே கொஞ்சம் அழுதார் என்றும் ரோசாலி சொல்கிறாள். மாமா இறந்த பிறகு அக்கா அழுததும் அன்றுதான்.

மேலே ஏறி வந்த அந்துவான் மாமா, சொட்டச் சொட்ட நின்றபடி முதலில் கேட்டது குண்டைப் பற்றித்தான். "அந்த ஓட்ட எங்கேருந்து அடிச்ச?" அக்கா இடத்தைக் காட்டினார். அவர் தூரத்தைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். தம் செருப்பில் ஒன்றைக் கொண்டுபோய் வேலியோரம் வைத்துவிட்டு வந்தார். அக்கா அதை அடித்தார். மற்றச் செருப்பை இன்னும் தள்ளி வைத்தார். அதையும் அடித்தார்.

"ஞாயித்துக்கெழம சாயங்காலம் வாம்மா" என்றார். "எங்க செட்டுல அடிக்கிற ஆளு இல்ல."

அடுத்த பயம் எனக்கு அங்கேயே பிறந்தது. கைம்பெண், ஆண்களோடு, அதுவும் மைதானத்தில். எங்கள் பெரியம்மா சேதி கேட்டு மறுநாள் காலையே வந்துவிட்டார். பெரியம்மா இந்த மலரையும் வாங்குவார் என்பதால், அவர் சொன்னதை மரியாதையாகவே தருகிறேன்: "மூணு வருஷமா அடக்கமா இருந்த பொண்ணு. நல்லாத்தானே இருந்தா?"

யார் பக்கமும் சேரத் துணிவில்லாத நான் சுவாமியாரிடம் போனேன். அவர் கூடாது என்று சொல்லிவிட்டால் பழி என் மேல் விழாது என்பது என் கணக்கு. முழுக்கதையையும் சொன்னேன். கிணற்றுப் பகுதியில் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார், தோள் மட்டும் ஆடியது. பிறகு, "நல்லாப் போடுவாங்களா?" என்று கேட்டார்.

"செருப்ப ரெண்டு தடவ அடிச்சாங்க, சாமி."

"அப்ப என்னைய எதுக்குக் கேக்கற? அவங்களப் போயிக் கேளு."

அப்போதுதான் உறைத்தது. இதுவரை யாரும் அக்காவைக் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்தேன். பெரியம்மா இன்னும் போகவில்லை. அவர் முன்னாலேயே கேட்டேன்.

"யக்கா, போவாதன்னு சொன்னா என்னா பண்ணுவ?"

எனக்குத் தெரிந்த பதிலைத்தான் எதிர்பார்த்தேன். அக்கா வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டார்.

"போவேன்" என்றார்.

போனார். மேற்கு மைதானத்தில் சொல்தாக்கள் முதல் வாரம் முணுமுணுத்தார்கள். இரண்டாம் வாரம் அக்காவைத் தங்கள் பக்கம் இழுக்கச் சண்டை போட்டார்கள். கோயில் திருநாளன்று உழவர்கரை ஆட்களோடு நடந்த பந்தயத்தில் அந்துவான் மாமாவின் செட் ஒரு புள்ளியில் தோற்றது. நாங்கள் ஆறுதல் சொல்லத் தயாராக வீட்டில் காத்திருந்தோம். அக்கா உள்ளே வந்து பையைத் தரையில் போட்டார்.

"அந்த மனுஷனக் கிட்டப் போடச் சொன்னா, திண்டிவனத்துக்குப் போடறாரு. அவரு கூட நான் இனிமே சேர மாட்டேன். என்னா கொழம்பு?"

"கத்திரிக்கா அண்ணி."

"எனக்கு வேணாம். மீன் இல்லாமத் திருநாளா?"

ரோசாலி என்னைப் பார்த்தாள். நான் ரோசாலியைப் பார்த்தேன். எங்கள் வீட்டில் ஒருவர் வேண்டாம் என்று சொன்னதற்கு அவ்வளவு சந்தோஷப்பட்டது அதற்கு முன்பும் இல்லை, பின்பும் இல்லை. இருட்டுவதற்குள் மார்க்கெட்டுக்கு ஓடி வஞ்சிரம் வாங்கி வந்தேன்.

அதற்குப் பிறகு அக்கா எங்களைச் சும்மா விடவில்லை. ரோசாலியின் ரசத்தைத் திருத்தினார். என் கடையில் வந்து உட்கார்ந்து, முட்டைகளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "இது பழசு, ஏன் விக்கிற?" என்று வாடிக்கைக்காரர் முன்னாலேயே கேட்டார். ஊதா நிறத்தில் புடவை எடுத்தார். ஒரு வருடம் போல் கழித்து, இதே தெருவில் ஒரு சின்ன வீட்டை வாடகைக்குப் பிடித்துத் தனியாகப் போகப்போகிறேன் என்றார். எனக்கு மறுபடி பதறியது.

"எங்ககூட என்னா கொறையிருக்குதுக்கா? ஊரு என்னா சொல்லும்?"

"கொறையே இல்லடா, தம்பி. நீங்க ரெண்டு பேரும் என்னைய மூணு வருஷம் கண்ணாடிச் சாமானாட்டம் வெச்சிக்கினீங்க. அத நான் சாவற வரைக்கும் மறக்க மாட்டேன். ஆனா எனக்கு வூடு வேணும். நான் நெனச்சப்ப கதவத் தெறக்கணும், நெனச்சப்ப மூடணும். பதினாறு வயசுலேருந்து யாரு வூட்டுலயாவதுதான் இருந்துட்டேன்."

இதற்கு என்னிடம் கேலி எதுவும் இல்லை. பெட்டிகளை நானே தூக்கிப்போனேன். அந்த வீட்டின் வாசலில் அக்கா சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற நிற்பை எழுத என்னால் ஆகாது, அண்ணனுக்கு வேண்டுமானால் வரும். அங்கே இரண்டு வருடத்துக்கு மேல் இருந்தார். சாயங்காலங்களில் தெருப் பெண்கள் நிறையப் பேர் அங்கேதான் இருந்தார்கள். என்ன பேசினார்கள் என்று ரோசாலியைக் கேட்டால், ஆம்பளைகளுக்குத் தேவையில்லை என்கிறாள்.

போன வருடம் மூச்சு வாங்கத் தொடங்கியது. இதயம் பலவீனமாகிவிட்டது என்று டாக்டர் சொன்னார். ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். உப்பில்லாத கஞ்சி என்று கட்டளை. அக்கா தினமும் அந்தக் கஞ்சியோடு சண்டை போட்டார். அங்கே பணி செய்த கன்னியர்கள் அவரைத் திட்டினார்கள், அவரும் திட்டினார். சாயங்காலம் பார்த்தால் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு பேசிக்கொண்டிருப்பார்கள்.

ஒருநாள் மாலை, "தம்பி, உப்பு எடுத்துட்டு வா" என்றார். நான் வெளியே வந்து டாக்டரைக் கேட்டேன். இத்தனை நாள் கண்டிப்பாக இருந்தவர், என் தோளில் கை வைத்து, "கேக்கறதக் குடுங்க" என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குப் புரிந்தது. ஓலமிட வேண்டிய இடம் அதுதான். ஏனோ தெரியவில்லை, நான் பதறவில்லை. எதிரில் இருந்த கடைக்கு நடந்து போய், காகிதப் பொட்டலத்தில் உப்பு வாங்கி வந்து கஞ்சியில் போட்டுக் கலக்கினேன். அக்கா ஒரு வாய் குடித்தார்.

"பத்தல."

இன்னும் கொஞ்சம் போட்டேன். குடித்து முடித்தார். உதட்டைத் துடைத்துக்கொண்டு, "இப்பதான் கஞ்சி" என்றார்.

மறுநாள் காலைப் பூசை மணி அடிக்கும் நேரத்தில், ரோசாலியும் நானும் அருகில் இருக்க, அமைதியாகக் கண்ணை மூடினார்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் பலர். சிகிச்சை அளித்த டாக்டருக்கும், திட்டு வாங்கிக்கொண்டே அன்பு காட்டிய கன்னியர்களுக்கும், வழியனுப்பி வைத்த சுவாமியாருக்கும், பிரேதத்தை எங்கள் தோளில் சுமந்தே தீருவோம் என்று நின்ற சொல்தாக்களுக்கும், அன்று எங்கள் கொல்லையில் கூடிய எல்லோருக்கும் எங்கள் குடும்பத்தின் மனமார்ந்த நன்றி. தேவையே இல்லாமல் கிணற்றில் இறங்கிய அந்துவான் மாமாவுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. அக்கா அவரைத் திட்டியதையெல்லாம் அவர் நன்றியாகவே எடுத்துக்கொண்டிருப்பார் என்று நம்புகிறோம்.

பூசை முடிந்ததும் எல்லோரும் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும். வஞ்சிரக் குழம்பு வைக்கிறோம். துக்கத்துக்கு வந்த இடம் என்று யாரும் கூச்சப்பட வேண்டாம். பந்தியில் உப்பு பத்தவில்லையென்றால் வாய் திறந்து கேளுங்கள்.

இப்படிக்கு,
அக்காவின் கடைசித் தம்பி
புதுச்சேரி, 1962